பல்லோடு பிறந்த பிள்ளைக்காக எழுந்த ஆணை

மழை பிழையாதாகுக! வெண்கோட்டு நாடு வாழ்க! ஏழு துறையும் மூன்று மலையும் ஒரு குடைக்கீழ்ப் புரக்கும் செழுங்கொடித் தேவியார் திருவாய்மொழிந்தருள, திருமுகம் எழுதும் மாறன் அரையன் எழுதிய ஓலை. ஆம்பற்றுறை ஆளும் கண்டன் விழுப்பரையரும் அவ்வூர்ச் சபையார் எண்மரும் காண்க. உம் துறையில் கலமும் உம் அளத்தில் உப்பும் பெருகுக. வாழ்த்து இவ்வளவே, இதற்குமேல் வாழ்த்தத் தேவியாருக்கு மனம் வரவில்லை.

நேற்று உச்சிப்போதில் தேவியார் அமுதுசெய்ய அமர்ந்தபோது, உம்மூர் மருத்துவச்சி காரி இரண்டு நாள் நடந்த காலோடு வாயிலில் வந்து விழுந்தாள். உப்பளத்தில் பாடுபடும் சாத்தி பெற்ற ஆண்மகவு கீழ்வாயில் இரண்டு பல்லோடு பிறந்ததென்றும், காப்பியத்து அரக்கன் எரிவாயனும் அவ்வாறே பிறந்தானாகையால் இதுவும் அரக்கன் வித்தே என்று சபையார் தீர்ப்பெழுதினர் என்றும், எட்டாம் நாள் அதைக் கழிமுகத்தில் விட்டுவிடப் பணித்தனர் என்றும் அழுதுரைத்தாள். தன் கையில் பிறந்த பிள்ளைகளில் பல்லோடு வந்தோர் மூவர் என்றும், அவருள் ஒருவன் கிடாய் வெட்டக் கண்டாலே மயங்கி விழும் பயந்தாங்கொள்ளி என்றும் சொன்னாள்.

தேவியார் உண்ட கையைக் கழுவாமலே எழுந்தார். அக்காப்பியம் பாடிய அவைப்புலவர் நெடுங்கோடனாரை அழைப்பித்து, இந்தப் பல் எந்த முன்னோர் ஏட்டில் முளைத்தது என்று வினவினார். புலவர், பழைய ஏட்டில் எரிவாயன் எல்லாப் பிள்ளையும்போல் பிறந்தவனே என்றும், பஞ்சகாலத்தில் நெற்களஞ்சியத்தை உள்ளிருந்து தாழிட்டு, வெளியே தட்டிய கைகள் ஓயும்வரை கேட்டிருந்தானே, அன்றுதான் அரக்கனானான் என்றும் ஒப்புக்கொண்டார். அப்படியே அரங்கேற்றியபோது கேட்டவர்கள் முகம் தொங்கி வீடு சென்றார்களாம். ஆகவே பிறப்புப் படலம் ஒன்றைத் தாமே கட்டிச் சேர்த்தாராம். அதன்பின் எல்லாரும் சிரித்த முகத்தோடு போனார்களாம்! அவர்கள் மனம் குளிர ஒரு தாயின் வயிற்றில் அடித்தீரே, இது அடுக்குமா என்று தேவியார் சீறினார். அப்படலத்தின் ஏடுகளைப் புலவர் தம் கையாலேயே மடைப்பள்ளி அடுப்பில் இட்டார்.

எழுத்தாணி பிடித்த அடியேனுக்கும் வயிறு எரிகிறது. சபையீர்! தீமை கருவிலேயே வருமென்று கண்டுபிடித்த மேதைகளே! உம்முள் ஒருவரும் பல்லோடு பிறந்தவரல்லர். பொக்கை வாயோடு பிறந்து, தாய்ப்பால் குடித்து, பேரன் பேத்தியும் எடுத்து, பட்டப்பகலில் வெற்றிலை மென்றபடி கூடியிருந்து, நல்ல நினைவோடுதானே அந்தத் தீர்ப்பில் கைச்சாத்திட்டீர்? இதற்கு எந்தக் கருவைப் பழிப்பீர்? எரிவாயனும் கதவைத் தாழிடும் நாள்வரை நல்லவனென்றே பேரெடுத்திருந்தான்.

ஆகவே ஆணையாவது: இவ்வோலை சுமந்து வரும் குதிரை நாளை உம் வாயிலை அடைந்தவுடன் அத்தீர்ப்பு கிழிக்கப்படுக. பிள்ளை பெற்ற சாத்திக்கு நாற்பது நாளும் காயமருந்தும் நெய்யும் எண்மர் வீட்டிலிருந்தும் முறைவைத்துச் செல்க. கொண்டு செல்வோர் சபையாரேயாக, ஆளை ஏவற்க. எட்டாம் நாள் கழிமுகத்துக்குப் போகாமல் மண்டபத்தில் கூடி அப்பிள்ளைக்குப் பெயர் சூட்டுக. அதன்மேல் ஒரு துரும்பு பட்டாலும் எண்மரும் விலங்கோடு தலைநகர் வந்து சேர்க. இது வலம்புரி இலச்சினை இட்ட திருவாணை, மாற்றுவார் இல்லை.

இலச்சினை இட்ட அரக்கு ஆறுமுன் தேவியார் இன்னும் ஒன்று எழுதப் பணித்தார். பெயர் சூட்டும் அன்று, ஊரார் அனைவரும் காண, விழுப்பரையர் தம் சுட்டுவிரலை அந்த அரக்கனின் வாயில் வைக்கக் கடவர். கடித்தால், அது பசி, தாயைக் கூப்பிடுக.