மூன்று மடங்கு வெளிச்சம்

மார்ச் 4
கருவி காட்டிய எண்ணை நம்பாமல் மறுபடி வைத்துப் பார்த்தேன். அதேதான், மூன்று மடங்கு. வீட்டுக்கு வந்ததும் இவரிடம் கொட்டிவிட்டேன். மரபணுவுக்கு முன்னால் புரமோட்டர் என்று ஒரு துண்டு இருக்கிறது. மரபணு எவ்வளவு வேலை செய்யவேண்டும் என்பது அதன் கையில். அதில் ஓர் எழுத்து மாறியவர்களுக்குத்தான் நாங்கள் ஆராயும் நோய் வருகிறது. மின்மினியின் ஒளி மரபணுவை அதன் பின்னால் ஒட்டிச் செல்லுக்குள் விட்டால், எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவு வேலை. எழுத்து மாறிய துண்டு இயல்பானதைவிட மூன்று மடங்கு ஒளிர்ந்தது. இவர் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே கேட்டார். "ஒரு எழுத்துக்கே இந்த ஆட்டமா? என் லீவு லெட்டர்ல பத்து தப்பு இருக்கும், ஆபீஸ்ல ஒண்ணும் நடக்கல."

மார்ச் 6
குழுக் கூட்டம். பேராசிரியர் என்னைத்தான் புகழ்ந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 17
எங்கள் ஆய்வகத்தில் செல் வளர்க்கும் அக்கா, மூலச் சேமிப்பிலிருந்து டி.என்.ஏ.வைப் புதிதாக எடுத்து அதே சோதனையைச் செய்தார். அவருக்கு நேர்மாறு: மாறிய எழுத்து வெளிச்சத்தை மூன்றில் ஒன்றாகக் குறைக்கிறது. "உன் ட்யூப்ல சந்தேகம் ஏதாவது உண்டா?" என்றார் பேராசிரியர். "இல்ல சார்" என்றேன். "அப்ப உங்க கைதாம்மா சரியில்ல" என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். பதினாறு வருடம் பழகிய கை அது.

ஏன் அவ்வளவு அவசரமாகச் சொன்னேன்? அன்றைக்கு இரண்டு ட்யூப்களையும் ஒன்றாகத் திறந்து வைத்தது ஞாபகம் வந்ததாலா?

மார்ச் 18
அக்காவை பாட்டில் கழுவும் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

மார்ச் 24
மனசு கேட்காமல் என் ட்யூப்களில் இருந்த டி.என்.ஏ.வின் எழுத்துகளை வாசிக்க அனுப்பியிருந்தேன். முடிவு வந்துவிட்டது. 'இயல்பு' என்ற மூடிக்குக் கீழே மாறியது. 'மாறியது' என்ற மூடிக்குக் கீழே இயல்பு. நான் மூடியில் மட்டும்தான் எழுதுவேன், ட்யூபின் மேல் எழுதமாட்டேன் — சோம்பல். திறந்தேன், மூடிகளை மாற்றிப் போட்டேன், அவ்வளவுதான். இப்படி எழுதாதே என்று அக்கா எத்தனை தடவை சொல்லியிருப்பார். சிரித்து மழுப்பியிருக்கிறேன்.

மார்ச் 25
சொல்லவில்லை.

மார்ச் 26
இன்றும் இல்லை. அக்கா பாட்டில் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "உன் செல்லெல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டார். நல்லா இருக்குக்கான்னு சொன்னேன். வெக்கங்கெட்டவ. எப்படி வாய் வந்துச்சு எனக்கு?

மார்ச் 28
கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். பிறகு கழுவும் அறைக்குப் போய் அக்கா முன்னால் நின்றேன். கூனிக் குறுகிப் போயிருந்தேன்.

"மன்னிச்சுடுங்கக்கா."

"ட்யூப் மாறுறது யாருக்கும் நடக்கும்" என்றார், குழாயை மூடாமலே. "ஆனா 'இல்ல சார்'னு சொன்னப்ப நீ என் மூஞ்சிய பாக்கல. அப்பவே எனக்குத் தெரியும்."

ஏப்ரல் 9
கட்டுரையில் அக்காவின் எண்கள்தான் போகின்றன. முதல் பெயரும் அவருடையது. பேராசிரியர் திரும்பி வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அக்கா பக்கத்து ஆய்வகத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்து, அங்கே சேர்ந்தும்விட்டாராம். "'வேலை கஷ்டமில்ல சார். தினமும் அவகூட உக்காந்து பேசணும், அதான் கஷ்டம்'னு சொன்னாங்க" என்றார் பேராசிரியர். என்னிடம் அதை மறைக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இன்று செல்களுக்கு நானே ஊட்டநீர் மாற்றினேன். பாதி செத்துப்போயிருந்தன. என்ன தப்பு செய்தேன் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. எழுந்து போய்க் கேட்க எனக்கு முகமில்லை.