செல்விக்கு ஒரு கார்டியன்

டிச. 2, செவ்வாய்

காலையிலிருந்து மூடுபனி. கடை திறந்தும் ஆள் இல்லை. காப்பித்தூள் அரைக்கணும், மிளகு பாக்கெட் போடணும். எதிலும் மனசு ஓடவில்லை.

நேற்று டாக்டர்: இதயம் பலவீனம், தோட்டத்தில் ஏறி இறங்குவதெல்லாம் இனி கூடாது. எனக்கு எழுபது. மகள் செல்விக்கு முப்பத்தாறு. தலை வாரிக்கொள்வாள், துணி மடிப்பாள். பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. வெந்நீர் சூடு தெரியாது. யார் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டே பின்னால் போய்விடுவாள். எனக்கு அப்புறம்?

வக்கீலுக்குப் போன். "பதினெட்டு தாண்டிட்டா பெத்தவங்களே ஆனாலும் தானா கார்டியன் ஆக முடியாதுங்க. கலெக்டர் ஆபீஸ் கமிட்டில மனு போடணும். உங்க ஒடம்புக்கு, இளையவங்க பேரு குடுக்கறது நல்லதுங்க."

இத்தனை வருஷம் தூக்கி வளர்த்த நான் சட்டப்படி யாரோ. எரிச்சல்.

டிச. 7, ஞாயிறு

மகன் பாஸ்கரும் மருமகள் மலரும் அடிவாரத்திலிருந்து வந்தார்கள். செல்விக்கு ஜிலேபி. கை முழுக்கப் பாகு.

உயிலை வாசித்துக் காட்டினேன். கொட்டச்சேடு காப்பித் தோட்டமும் வீடும் செல்வி உள்ளவரை அவளுக்கு. அவளுக்குப் பின், கடைசிவரை அவளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு. போன வருஷம் நானே யோசித்துச் சேர்த்த வரி. காப்பிப் பழம் பறிக்க வருகிறவர்கள் பாதியில் ஓடிவிடக் கூடாதென்று, பறிப்பு முடியும்வரை நின்றால்தான் போனஸ் என்போம். இங்கே எல்லா எஸ்டேட்டிலும் அதுதான் வழக்கம். அதே யோசனைதான். என்னைப்போல் கெட்டிக்காரி உண்டா என்று நினைப்பு.

பாஸ்கர், "நாங்க பாத்துக்க மாட்டமாம்மா? மலர் பேரே குடுங்க. ஊட்ல இருக்கறது அவதான?"

மலர் பாத்திரம் கழுவும்போது மெதுவாக, "அத்தை, நா கையெழுத்துப் போட மாட்டனுங்க."

ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை.

டிச. 10, புதன்

சிலிண்டர் வரவில்லை. இருமல். மூன்று நாளாக மலரை மனசுக்குள் வைத்து வறுக்கிறேன். ஜிலேபி வாங்கி வரத் தெரிகிறது, ஒரு கையெழுத்துக்கு வலிக்கிறது.

கடைக்கு வந்த அம்மாள் புருஷனிடம்: "அந்தப் பொண்ணு ஏங்க அப்படிச் சிரிக்குது?" காதில் விழுந்தது. மிளகு தீர்ந்துவிட்டது என்று அனுப்பிவிட்டேன். பாக்கெட் கண்ணெதிரே அடுக்கியிருந்தது.

எனக்கு ஒரு நாள் முன்னாடி செல்வி போய்விடணும். வேண்டாத நாள் இல்லை. எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

டிச. 28, ஞாயிறு

மலர் தனியாக பஸ்ஸில் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"செல்வி வேண்டாம்னு நா சொல்லலீங்க அத்தை. நெலந்தான் வேண்டாங்குறேன். அவ போனதுக்கப்பறம் எங்களுக்குன்னு எழுதி வெச்சிருக்கீங்க. நாளைக்கு அவளுக்கு ஒரு காச்ச வந்து, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா? ஊரே என்னையத்தானுங்க பாக்கும். ஊர விடுங்க. ஆஸ்பத்திரிக்கு எந்நேரம் கூட்டிட்டுப் போனேன், ஏன் அப்பவே போவலன்னு எம் மனசே என்னையக் கேக்குமுங்க."

உட்கார்ந்துவிட்டேன். என் பிள்ளை செத்தால் ஒருத்திக்கு லாபம் என்று நானே எழுதிப் பதிவும் செய்து வைத்திருக்கிறேன். இவள் சொல்லித்தான் தெரிகிறது. வெட்கமாக இருந்தது. அதைச் சொன்னேன். "போவுதுங்க அத்தை, மாத்திக்கலாம்" என்றாள்.

வக்கீலிடம் பேசியாயிற்று. நிலம் ஒரு டிரஸ்டுக்கு. வருமானம் செல்விக்கு மட்டும். கணக்கு என் தம்பி பொறுப்பு. அவளுக்குப் பின் அவளைப் போன்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு. மலர் கார்டியன் மட்டும். பாஸ்கருக்கு முகம் சுருங்கிவிட்டது, போனிலேயே தெரிந்தது. சுருங்கட்டும்.

மலருக்குக் காட்டினது: மாத்திரை, வெந்நீர் கலப்பது, இடி இடித்தால் எங்கே ஒளிவாள் (கட்டிலுக்கடியில்).

ஜன. 20, செவ்வாய்

நல்ல குளிர். முதல் பஸ். கலெக்டர் ஆபீஸில் கூட்டம். செல்விக்கு இரண்டு தடவை பாத்ரூம்.

கமிட்டியில் ஓர் அம்மா, தன்மையானவர். என்னைக் கேட்டார், மலரைக் கேட்டார். பிறகு செல்வி பக்கம் திரும்பி, "கண்ணு, அம்மா இல்லாதப்ப அண்ணிகூட இருந்துக்குவியா?"

செல்வி என்னைப் பார்த்தாள். "அம்மா எங்க போகுது?"

வக்கீல், தம்பி, பாஸ்கர், மலர் எல்லாரிடமும் பேசியாயிற்று. இவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எங்கயும் இல்ல சாமி" என்றேன். கமிட்டி அம்மா குனிந்து எழுத ஆரம்பித்தார். உத்தரவு தபாலில் வருமாம்.

பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு பூராவும் அதே கேள்வி. "அம்மா எங்க போகுது?" தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து உலை வைத்துவிட்டுத் திரும்பினால் பெரிய பையை எடுத்து வைத்திருக்கிறாள். உள்ளே அவள் நைட்டி இரண்டு, என் சேலை ஒன்று, இரண்டு பேர் சீப்பும். செருப்பு மாட்டிக்கொண்டு வாசப்படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"நானும் வாரேன்" என்கிறாள்.