உன்னை வேலையில் இருப்பவள் என்று எழுதினேன்

இன்று காலை ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கும் தெருவுக்குள் நுழைந்ததும் பிளீச்சிங் வாடை மூக்கில் ஏறியது. அந்த வாடைக்கு உனக்கு மூன்று தும்மலாவது வரும். கணக்கெடுக்க வந்திருக்கிறோம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நீ தும்மித் தீர்த்துவிட்டுச் சிரிப்பாய். வீட்டுக்காரர்களும் சிரித்துக்கொண்டே உள்ளே கூப்பிடுவார்கள். இன்று நான் மட்டும் நின்றேன். கம்பிக்கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள்: “வேலையில்லாதவங்க கொறஞ்சிட்டாங்கன்னு டிவியில சொல்லுதாங்க. எங்க வீட்டுல ரெண்டு பேரு சும்மா இருக்காங்க. பொறவு எங்ககிட்ட எதுக்குக் கேக்குதீங்க?” உள்கதவையும் சாத்திவிட்டாள்.

நாம் இருவரும் ஒரே நாளில் அரசுக் கணக்கெடுப்பில் ஒப்பந்த வேலையில் சேர்ந்தோம். வீடு வீடாகப் போய், யார் வேலை பார்க்கிறார், யார் தேடுகிறார் என்று கேட்டு டேப்லெட்டில் பதிய வேண்டும். மம்சாபுரத்தில் மில் வேலை போய் ஐந்து மாதமாக வீட்டில் இருந்த ஒருவரிடம், போன ஏழு நாளில் ஏதாவது வேலை பார்த்தீர்களா என்று கேட்டாய். “ஒரு வீட்டுல தண்ணித் தொட்டி கழுவிக் குடுத்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். கையில ஏதோ குடுத்தாங்க” என்றார். விதிப்படி அந்த ஒரு மணி நேரமே போதும். அவர் வேலையில் இருப்பவர்.

“என்ன எழுதுனீங்க?” என்று கேட்டார். அதெல்லாம் ஆபீஸில் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லி நான் எழுந்துவிட்டேன். நீ உட்கார்ந்தபடியே வாசித்துக் காட்டினாய். அவர் மனைவி, “இவரு வேலைக்குப் போற சங்கதி எனக்கே தெரியாதே” என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வந்ததும் உன்னைத் திட்டினேன். “மறைச்சுட்டுப் போனா அடுத்த தடவை எந்த மூஞ்சியோட வாரது, ஏட்டி?” என்றாய்.

பிறகு ஆட்களைக் குறைத்தார்கள். உன் ஒப்பந்தம் முடிந்தது, என்னுடையது நீடித்தது. அதைப் பற்றி நாம் பேசிக்கொள்ளவே இல்லை.

ஏழு மாதம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் தெரு என் பட்டியலில் வந்தது. உன் வீடும் இருந்தது. போன ஏழு நாளில் என்ன வேலை பார்த்தாய் என்று நான் திக்கித் திக்கிக் கேட்டேன். நீ அசராமல் பதில் சொன்னாய்.

“பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ரெண்டு ஜாக்கெட் தைச்சுக் குடுத்தேன்.”

“அதைச் சொல்லாத. நான் கேக்கலைன்னு வச்சுக்கிடுதேன்.”

“கேட்டுட்டேல்ல. எழுது.”

எழுதினேன். கூடுதல் வேலை கிடைத்தால் செய்யத் தயாரா என்பது அடுத்த கேள்வி. அதுவரை கேலியாகப் பேசிக்கொண்டிருந்த நீ சுவரைப் பார்த்தாய். “தயார்னு எழுது. கொஞ்சம் அழுத்தி எழுது” என்றாய். அழுத்தினாலும் லேசாகத் தொட்டாலும் டேப்லெட்டில் ஒரே குறிதான் விழும். இருந்தும் அழுத்தினேன்.

அதிலிருந்து மூன்றாம் மாதம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அதற்கப்புறம்தான் வேலையில்லாதவர்கள் குறைந்துவிட்டார்கள் என்ற அந்தச் செய்தி வந்தது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் டிவி பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், “எந்த ஊருல போயி எண்ணுனாங்களாம்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் எண்ணினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த எண்ணுக்குள் நீ வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாய். அது பொய் என்று என்னால் சொல்ல முடியாது, நீ சொன்னதைத்தானே எழுதினேன். உண்மை என்று நெஞ்சில் கை வைக்கவும் முடியவில்லை. விலைவாசி கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது என்று செய்தி வந்தால், அந்தக் கணக்கை எடுப்பது நான் இல்லை என்று தெரிந்தும் என் கணவர் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்.

இப்போது வேறொரு பயமும் சேர்ந்திருக்கிறது. எங்கள் கணக்கை யாரும் நம்பாததால் சிலர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள். அதையும் நான் பதிய வேண்டியிருக்கிறது. நாளை வன்னியம்பட்டிக்குப் போக வேண்டும். எத்தனை கதவு திறக்குமோ.

ஆனாலும் எழுதியதை ஒவ்வொரு வீட்டிலும் வாசித்துக் காட்டுகிறேன். நேற்று ஒரு பெண் முழுதும் கேட்டுவிட்டு, “நீங்க எழுதுனது சரிதான். ஆனா நாங்க இருக்கிற இருப்பு இது இல்லியே” என்றாள். அதைப் பதிய டேப்லெட்டில் இடம் இல்லை. எழுந்து வந்துவிடாமல், செத்த நேரம் அவள் எதிரே உட்கார்ந்திருந்தேன்.