காலியாக வைத்த நாற்காலி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், அப்பா சுகம், அவருடைய மூட்டு வலியும் என்னுடைய சந்தேக புத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கின்றன. நீயும் மருமகளும் குட்டியும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். குட்டிக்குச் சளி என்றாயே, விட்டதா? ராத்திரி ஜன்னலை முழுதாகத் திறந்து வைக்காதே, மருமகளிடமும் சொல், நான் சொன்னதாகச் சொல்லாதே.

எங்கள் நகராட்சி அலுவலகத்தில் பாதி நாற்காலியில் ஆள் கிடையாது என்பது உனக்குத் தெரிந்த கதைதான். நான் இருப்பது வரிப் பிரிவு. எனக்கு எதிர் அறை நகரமைப்புப் பிரிவு, எந்தத் தெருவில் வீடு இருக்கலாம், எங்கே கடை, எங்கே கிடங்கு என்று பார்த்துச் சொல்கிற இடம். அங்கே அலுவலர் பதவி ரொம்ப நாளாகக் காலி. மிச்சம் இருந்த ஒரே ஆய்வாளரும் முதுகுவலி என்று நீண்ட விடுப்பில் போய்விட்டார், அவர் நாற்காலியில் இப்போது பழைய கோப்புகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஆள் போடுங்கள் என்று யார் கேட்டாலும் ஆணையர் கையை விரிப்பார், “இந்த ஊருக்கு யாரும்மா வர்றேங்கிறாங்க” என்பார். அப்படிப்பட்டவர் போன மாதம் என்னைக் கூப்பிட்டனுப்பி, நான் உள்ளே போனதும் எழுந்து நின்று உட்காரச் சொன்னார். எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் எனக்காகத் தலையை நிமிர்த்தினதே பெரிய விஷயம். நகரமைப்புப் பிரிவைக் கூடுதல் பொறுப்பாக நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும், உங்களை மாதிரி அனுபவம் உள்ளவர்கள் வேறு யார் இருக்கிறார்கள் என்று குழைந்தார். எனக்கு வீட்டு வரி தெரியும், குடிநீர் வரி தெரியும், நகரமைப்பில் என்ன தெரியும்? சொன்னேன். “அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் தயாரா இருக்கு, நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும்” என்றார். மறுநாள் என் அறைக்குப் புது மின்விசிறி வந்தது. பழையது சத்தம் போடுகிறது என்று நான் எழுதிக் கொடுத்தது எந்தக் காலத்திலோ. இப்போது எப்படி ஞாபகம் வந்தது சொல்.

விஷயம் இதுதான். ஓடைக்கரையை ஒட்டி மூன்று தெரு இருக்கிறதே, நீ சைக்கிள் பழகி விழுந்தாயே, அந்த இடம். அதைக் குடியிருப்புப் பகுதியிலிருந்து எடுத்துக் கிடங்குப் பகுதியாக மாற்ற வேண்டுமாம். குடோன்காரர் ஒருவர் அங்கே ஓரமாக இருந்த காலி நிலத்தையெல்லாம் வளைத்துப் போட்டிருக்கிறார். மாற்றிவிட்டால் லாரி போகலாம், கிடங்கு எழும்பலாம், ஆனால் அங்கே குடியிருக்கிறவர்கள் மேலே ஒரு அறை கட்டக்கூட அனுமதி கிடைக்காது. நாளாவட்டத்தில் வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போகவேண்டியதுதான். மன்றத்தில் தீர்மானம் வைக்க நகரமைப்பின் பரிந்துரை வேண்டும். அந்தக் கையெழுத்துத்தான் என்னுடையது. இடத்தைப் பார்க்காமல் போடமாட்டேன் என்றேன். ஆணையர் உடனே ஜீப்பைத் தருகிறேன் என்றார், “கண்ணாடியை ஏத்திவிட்டு ஒரு சுத்து சுத்திட்டு வந்திடுங்க, இறங்கவே வேணாம், ஒரே சேறு” என்றார். என் செருப்பைப் பற்றி அவருக்கு எதற்குக் கவலை? நான் ஜீப்பை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரம் பார்த்து டவுன் பஸ்ஸில் போனேன். தெரு முழுக்கப் பிள்ளைகள். திருப்பத்தில் ஒரு ஆட்டோ வந்தாலே சுவரோடு ஒட்டி நிற்கவேண்டியிருக்கிறது, அதில் லாரி எப்படித் திரும்பும்? முதல் வீட்டு வாசலில் தையல் மெஷின் போட்டிருந்த அம்மாள் என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள். நகராட்சி என்றதும் மெஷினை நிறுத்திவிட்டாள். “போன தடவை ஒருத்தர் வந்தாரு, இப்படித்தான் ரொம்ப நேரம் பார்த்தாரு, தலையைத் தலையை ஆட்டினாரு. அப்புறம் ஆளையே காணோம். நீங்க மட்டும் இருப்பீங்களாக்கும்” என்றாள். ஊரையே சந்தேகப்படுகிற என்னை ஒருத்தி சந்தேகப்பட்டது சுருக்கென்று தைத்தது.

வந்துவிட்டுக் காணாமல் போனவர் யார் என்று எனக்குத் தெரியாதா? அன்று சாயங்காலமே முதுகுவலி ஆய்வாளர் வீட்டுக்குப் போனேன். மனிதர் ஏணியில் ஏறி நின்று கேட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டார் பார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். கீழே இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். “போட்டா தெருக்காரங்க சாபம், போடலேன்னா ஆபீஸ்ல நிம்மதி இல்ல. அதான் அக்கா, லீவு. எனக்கு மேல ஆபீசரா இருந்தவரும் மாத்தல் கேட்டு வாங்கிட்டுப் போனது இதுக்குத்தான். அந்த சீட்டு காலியா இருக்குன்னா நினைக்கிறீங்க? காலியா வெச்சிருக்காங்க. விவரம் தெரிஞ்சவன் உட்கார்ந்தா கேள்வி கேப்பான்ல. நீங்களும் பேசாம லீவு போட்டுட்டு மகன் வீட்டுக்குப் போங்க.” கேள்வி கேட்கத் தெரியாதவள் என்றுதானே என்னைத் தேடிப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள்!

அதோடு நின்றதா? அந்த வாரமே உன் சித்தப்பா வந்தார். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது எட்டிப் பார்க்காதவர், கை நிறையப் பழத்தோடு வந்தார். உட்கார்ந்ததும் உட்காராததுமாக, “என்ன அண்ணி, பேத்தியைப் பார்க்கப் போகலையா? லீவு கேட்டா ஆணையர் உடனே குடுத்துடுவாராமே” என்றார். நான் லீவு கேட்கவே இல்லை. கேட்டால் கிடைக்கும் என்று இவருக்கு யார் சொன்னது? கிளறினேன், நெளிந்தார். கடைசியில் அவருடைய லாரி குடோன்காரருக்குத்தான் ஓடுகிறது என்பது வெளியே வந்தது. ஒரு கையெழுத்துத்தானே, போட்டுவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள் என்று அப்பா பக்கம் திரும்பினார். என்னை எப்போதும் சந்தேகப் பிராணி என்று கேலி செய்கிற உன் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “அவ கையெழுத்துக்கு நான் எப்படிடா பதில் சொல்றது? என் கையெழுத்தையே அவகிட்ட கேட்டுட்டுத்தான் போடுறேன்” என்றார். சித்தப்பா காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அப்பா அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. இருப்பது ஒரே தம்பி அல்லவா.

நான் பரிந்துரை எழுதினேன். நேரில் பார்த்தேன், பள்ளிக்கூடம் இருக்கிறது, தெரு குறுகல், மழையில் தண்ணீர் நிற்கிற இடம், மாற்றக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மன்றக் கூட்டத்தில் ஆணையர் அதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. இந்த அம்மா வரிப் பிரிவுக்காரர், அவருக்கு நகரமைப்பு தெரியாது, அவர் கருத்தை ஒதுக்கிவிட்டு மேலே போகலாம் என்றார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, எழுந்துவிட்டேன். “தெரியாதவளை எதுக்கு சார் தேடிக் கூப்பிட்டு அந்த நாற்காலியில உட்கார வெச்சீங்க?” என்றேன். பார்வையாளர் பெஞ்சில் ஓடைக்கரைத் தெருக்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முதலில் சிரித்தது அந்தத் தையல்கார அம்மாள்தான், பிறகு உறுப்பினர்களே சிரித்துவிட்டார்கள். மன்றத் தலைவர் தண்ணீர் குடித்தார், கண்ணாடியைத் துடைத்தார். நிரந்தர அலுவலர் வரும்வரை தீர்மானத்தை ஒத்திவைக்கிறோம் என்றார். கைவிடவில்லை, தள்ளித்தான் வைத்திருக்கிறார்கள், அதைக் கவனி. மறுநாளே என் கூடுதல் பொறுப்பைப் பிடுங்கிவிட்டார்கள். இத்தனை காலம் யாரும் வரமாட்டேன் என்ற ஊருக்கு அந்த வாரமே ஒரு பெண் அலுவலர் வந்து சேர்ந்தாள். சின்ன வயது, பணிவான பேச்சு, எல்லோருக்கும் வணக்கம். நல்ல பெண்ணாகவும் இருக்கலாம், சொல்லிக் கொடுத்து அனுப்பப்பட்டவளாகவும் இருக்கலாம். ஜீப் வேண்டாம், பஸ்ஸில் போய்ப் பார் என்று சொல்லியிருக்கிறேன். போகிறாளா என்று பார்க்கிறேன்.

இனி உன் விஷயம். கூட்டத்துக்கு முந்தின நாள் உன்னிடமிருந்து டிக்கெட் வந்தது. உடனே கிளம்பி வா அம்மா, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா என்று எழுதியிருந்தாய். நீ அப்படி எழுதுகிற பிள்ளை இல்லை. எனக்கு ஒரு புடவை எடுப்பதென்றாலே நிறம் கேட்டு நாலு தடவை போன் செய்கிறவன், என்னைக் கேட்காமல் தேதி போட்டு டிக்கெட் எடுத்திருக்கிறாய். பிள்ளைக்குப் பாசம் என்கிறார் அப்பா. நானும் அப்படித்தான் நினைக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. சித்தப்பா உனக்குப் போன் செய்தாரா? அம்மா வம்பில் மாட்டிக்கொள்வாள், கூப்பிட்டுக்கொள் என்றாரா? போனில் கேட்டால் சிரித்து மழுப்புவாய், அதனால்தான் காகிதத்தில் கேட்கிறேன். ஆமாம் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டேன், என்மேல் பயத்தில் செய்திருப்பாய். ஆனால் ஆமாம் என்று எழுது. சித்தப்பாவைச் சந்தேகப்படலாம், ஆணையரைச் சந்தேகப்படலாம், அதில் எனக்குச் சுகம்கூட இருக்கிறது. உன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டு சமையல்கட்டில் நிற்க என்னால் முடியவில்லை கண்ணா.

டிக்கெட்டைத் தேதி மாற்ற முடிந்தால் மாற்று. தீர்மானம் மறுபடி மன்றத்துக்கு வரும், அன்று பார்வையாளர் பெஞ்சில் எனக்கு இடம் பிடித்து வைப்பதாக அந்தத் தையல்கார அம்மாள் சொல்லியிருக்கிறாள். அது முடிந்ததும் வருகிறேன், குட்டி போதும் போதும் என்கிற வரைக்கும் இருக்கிறேன். என்னை வழியனுப்ப இத்தனை பேர் அவசரப்படுகிறபோது மட்டும் நான் கிளம்புவதாக இல்லை.

நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழவேண்டும், குட்டி நோய்நொடி அண்டாமல் வளரவேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. மருமகளை அதட்டாதே. கேட்டதற்குப் பதில் எழுத மறந்துவிடாதே, உன் கையாலேயே எழுது.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா