பதினொரு மணிக்கு வரலாம்

ராஜபாளையம்
11 ஜனவரி 2025

அன்புள்ள மகன் பிரேம்குமாருக்கு,

அப்பா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் நீ கிழித்துப் போடாமல் இருந்தால் இந்த வரி வரைக்கும் வந்திருப்பாய். உன் போன் நம்பர் என்னிடம் இல்லை. உன் பள்ளிக்கூடத்து விலாசத்துக்கு, வேதியியல் ஆசிரியர் என்று போட்டு அனுப்புகிறேன்.

எனக்கும் அம்மாவுக்கும் எங்கள் சபையிலிருந்து ஊழிய அழைப்பு வந்திருக்கிறது. விசாகப்பட்டினத்தில் பதினெட்டு மாதம். ஏப்ரல் முதல் வாரம் புறப்பட வேண்டும். அமெரிக்காவில் தொடங்கிய சபை என்பதால் ஊரில் எங்களை மார்மன்காரர்கள் என்று சிரிக்கிறார்கள், உனக்கும் தெரிந்திருக்கும். எங்களைப் போன்ற வயதான தம்பதிகளை வீடு வீடாக அலைய விடுவதில்லை. அங்கே உள்ள சிறிய சபையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், நோயாளிகளைப் போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு மூன்று மாதம் வீட்டிலிருந்தே பயிற்சி. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறோம். ஹைதராபாத்திலிருந்து கிருபாபாய் என்று ஒரு பெண் வீடியோவில் வந்து சொல்லித் தருகிறாள். வயது இருபத்து மூன்று. பெற்றோருக்குத் திருநெல்வேலிப் பக்கம். சபை வழக்கப்படி அவள் என்னை 'மூப்பர்' என்றும் அம்மாவை 'சகோதரி பரிபூரணம்' என்றும் அழைத்தபோது அம்மா வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள்.

தெலுங்கு பேசுகிறவர்களோடு மில்லில் நாற்பது வருஷம் இருந்ததில் எனக்கும் அது வரும் என்று பெருமையாகச் சொன்னேன். பேசச் சொன்னாள், பேசினேன். "மூப்பரே, உங்க தெலுங்குல வேலை ஏவுறதும் வையுறதும்தான் இருக்கு. தயவுசெஞ்சுன்னு ஒரு வார்த்தைகூட வரலையே" என்று சிரித்தாள். எழுபத்தொரு வயதில் அதை எழுதிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

வாரம் ஒரு கடிதம் பிள்ளைகளுக்கு எழுத வேண்டும் என்பதும் பயிற்சியில் ஒன்று. எனக்கு ஒரே பிள்ளை.

உன் நலம் விரும்பும்
அப்பா தவசிமுத்து

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
20 ஜனவரி 2025

திரு. தவசிமுத்து அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ராஜபாளையத்திலிருந்து இங்கே வர ஐந்து நாள் எடுத்துக்கொண்டது. இருபது வருஷம் ஏழு மாதம் கழித்து எழுதப்பட்ட கடிதத்துக்கு அது ஒன்றும் தாமதமில்லை.

2004 ஜூன் 14, திங்கள்கிழமை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நானும் பாண்டிசெல்வியும் நேராக உங்கள் வாசலுக்கு வந்தோம். உங்களுக்கு வேட்டியும் அம்மாவுக்குச் சேலையும் வாங்கி வந்திருந்தாள். "வேற சாமி கும்பிடுத பிள்ள என் நடைய மிதிக்கக் கூடாது. போயிருங்க" என்றீர்கள். கதவைச் சாத்தினீர்கள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் தெருமுனை வரை கேட்டது. அவள் துணிகளை வாசலில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அப்படி விசுவாசத்தைக் காத்தவர், கண் ஆபரேஷனுக்குக் கோயம்புத்தூர் போன இடத்தில் வேறு சபைக்கு மாறி வந்தார் என்று கேள்விப்பட்டபோது, ஆசிரியர் அறை என்றும் பாராமல் சிரித்தேன். இப்போது தெலுங்கு தேசத்தில் முகம் தெரியாதவர்களிடம் அன்பு காட்டப் போகிறீர்கள். நல்லபடியாகப் போய் வாருங்கள்.

வாராவாரம் எழுதத் தேவையில்லை.

பிரேம்குமார்

*

ராஜபாளையம்
15 பிப்ரவரி 2025

அன்புள்ள பிரேம்குமாருக்கு,

எழுத வேண்டாம் என்றாய். மூன்று வாரம் பொறுத்தேன். நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வீடு வீடாகப் போகாவிட்டாலும் பயிற்சியில் அதற்கும் ஒத்திகை உண்டு. ஒருவர் வீட்டுக்காரர், ஒருவர் வெளியே வந்து நிற்கும் ஊழியர். நேற்று நான் வீட்டுக்காரன். அம்மா புத்தகத்தோடு வெளியே நின்றாள். "கொஞ்சம் கடுமையான ஆளா இருங்க மூப்பரே" என்று கிருபாபாய் சொன்னாள். நான் கதவைத் திறந்தேன், அம்மா வணக்கம் சொல்லி முடிக்கும் முன்பே சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். "அப்படியே நிஜம் மாதிரி இருக்கு" என்று அந்தப் பெண் கைதட்டினாள். அம்மா மறுபடி தட்டவில்லை. திறந்து பார்த்தால் படியில் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார வேண்டும். ஊழியத்தில் ஜோடியாக இருப்பவர்களுக்கு அது முறை. முதலில் மற்றவரிடம் கண்ட நல்லதைச் சொல்ல வேண்டும். பிறகு, என்னால் உனக்கு என்ன வருத்தம் என்று கேட்க வேண்டும். கேட்டவர் குறுக்கே பேசக் கூடாது. ஐந்து வாரமாக அம்மா "ஒண்ணுமில்ல" என்று முடித்துவிடுவாள். நேற்று சொன்னாள்:

"அன்னைக்கு நீங்க கதவச் சாத்தையில நான் உள்ள நின்னேன். இன்னைக்கு வெளிய நின்னேன். அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்துருக்கும்னு இப்பத்தான் தெரியுது."

அவள் அதோடு நிறுத்தவில்லை. "பொய்யோட ஊழியத்துக்கு வர மாட்டேன். மாசாமாசம் ரெண்டாவது சனிக்கிழம முட்டுவலிக்கு எண்ணெய் தேய்க்கப் போறேன்னு போனது அவன் வீட்டுக்குத்தான். பேத்தி பிறந்த வருசத்துல இருந்து போறேன். என் முட்டு நல்லாத்தான் இருக்கு."

பிரேம்குமார், ஒவ்வொரு தடவையும் அவளை டி.வி.எஸ். வண்டியில் கொண்டுபோய் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டது நான். சாயந்திரம் போய் ஏற்றி வந்ததும் நான். இப்போது முட்டு எப்படி இருக்கிறது என்று கேட்பேன். தேவலை என்பாள்.

பழைய ஆளாக இருந்தால் எழுந்து தெருவுக்குப் போயிருப்பேன். ஜோடியை விட்டு எழுந்து போகக் கூடாது, கண்ணில் படுகிற, காதில் கேட்கிற தூரத்தில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் வந்தது, பிறகு அது எங்கே போனது என்று தெரியவில்லை. நாற்பத்தொன்பது வருஷம் என் எதிரே சோறு போட்ட இந்தப் பெண் யார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இவ்வளவு பெரிய மனுஷியோடு குடியிருந்ததே எனக்குத் தெரியாது.

கடைசியில் ஒன்றுதான் கேட்டேன். "அந்தப் பிள்ள பேரு என்ன?"

"விஜி. மதுரையில காலேஜ் படிக்கா. உங்க மூக்கு."



பாண்டிசெல்வியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். உன்னிடம் பிறகு. நீ என் மகன், உன் கோபத்தை நான் எப்படியும் சுமக்கலாம். அவள் யாரோ பெற்ற பிள்ளை. நான் வரலாமா என்று அவளிடம் கேட்டு எழுது. அம்மாவைக் கேட்கச் சொன்னேன். "சாத்தினது நீங்க, நீங்கதான் கேக்கணும், நான் தூது போக மாட்டேன்" என்றுவிட்டாள். இனி அவள் தனியாக அங்கே வரவும் முடியாது. வந்தால் ஜோடியாகத்தான்.

பதிலை எதிர்பார்க்கும்
அப்பா

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
3 மார்ச் 2025

திரு. தவசிமுத்து அவர்களுக்கு,

அம்மாவின் இரண்டாம் சனிக்கிழமைகள் எங்களுக்கு என்னவாக இருந்தன என்று உங்களுக்குப் புரியாது. நீங்கள் சாத்திய கதவில் நாங்கள் போட்டுவைத்த ஒரே ஓட்டை அது. நீங்களே பஸ் ஏற்றி அனுப்புகிறீர்கள் என்பதை அம்மா சொல்லும்போதெல்லாம் எனக்குச் சோறு கூடுதலாக இறங்கும். அதையும் கொண்டுபோய் உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டாள். கேட்டதும் இப்படிக் கொடுப்பதற்கு அவளுக்கு உங்கள் மேல் என்ன இருந்தது?

அம்மாவுக்காகவும் சேர்த்துத்தான் இத்தனை வருஷம் நான் உங்களை வெறுத்தேன். அவள் தன் பங்கை இறக்கி வைத்துவிட்டாள். யோசித்துப் பார்த்தால் பாண்டிசெல்வியும் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிப் பத்து வருஷம் இருக்கும். நான் மட்டும் நிற்கிறேன்.

ஊழியத்துக்குப் போகும் முன் மனதைத் துடைத்துக்கொண்டு போகவே நீங்கள் வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதைத் தடுக்க எனக்கு விருப்பமில்லை. மார்ச் 22, சனிக்கிழமை, பதினொரு மணிக்கு வரலாம். கதவு திறக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

பிரேம்குமார்

*

ராஜபாளையம்
10 மார்ச் 2025

அன்புள்ள பிரேம்குமாருக்கு,

மனதைத் துடைக்கத்தானே என்று எழுதியிருக்கிறாய். இருக்கலாம். எனக்கே முழுக்கத் தெரியவில்லை. அவள் மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும் விசாகப்பட்டினம் போவோம். அதைச் சொல்லி அவளை நெருக்க மாட்டேன்.

22ஆம் தேதி பதினொரு மணிக்கு நானும் அம்மாவும் வருகிறோம். கதவு திறக்காவிட்டால் அதையும் வாங்கிக்கொண்டு திரும்புவோம்.

அப்பா

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
13 ஏப்ரல் 2025

அப்பாவுக்கு,

விசாகப்பட்டினம் விலாசம் அம்மா போனில் சொன்னாள். வெயில் அங்கே கசகசப்பாக இருக்கிறது என்றாள். இருவரும் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

22ஆம் தேதி நான் ஒரு பயிற்சி வகுப்புக்காக விருதுநகர் போயிருந்ததாகப் பாண்டிசெல்வி உங்களிடம் சொன்னாள். நான் விருதுநகர் போகவில்லை. என் வீட்டுக்கு எதிரே சௌந்தரபாண்டியனின் டீக்கடையில், உள்பெஞ்சில் இருந்தேன். பாண்டிசெல்விக்கு உங்கள் கடிதம் எதையும் நான் காட்டியதில்லை. அன்று காலை அவள் கூமாப்பட்டியில் அவளுடைய தம்பி வீட்டுக்குப் போகிறாள், திரும்ப ஒரு மணி ஆகும் என்று ஒரு மாதம் முன்பே எனக்குத் தெரியும். அதனால்தான் பதினொரு மணி என்று எழுதினேன். பூட்டிய வீட்டின் முன்னால் நீங்கள் நிற்பதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று இருந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

நீங்கள் பூட்டைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் போய்விடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் போகவில்லை.

பங்குனி வெயில், உங்களிடம் ஒரு குடை. அதை அம்மா தலைக்கு மேல் பிடித்தீர்கள். அம்மா அதை உங்கள் பக்கம் தள்ளினாள். நீங்கள் திரும்பத் தள்ளினீர்கள். பக்கத்து வீட்டுச் செல்லத்தாய், "ஏன் வெயில்ல நிக்கீக, இங்கன வந்து செத்த நேரம் உக்காருங்க" என்று கூப்பிட்டாள். "இருக்கட்டும்மா. இங்க நிக்கணும்னுதான் வந்தோம்" என்றீர்கள். நடக்கும்போது அம்மாவுக்குப் பத்தடி முன்னால் போகிற உங்களைத்தான் நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அன்று அந்தக் குடை உங்கள் இருவருக்கும் நடுவே போய்ப் போய் வந்ததை இரண்டு மணி நேரம் பார்த்தேன். என் கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

சௌந்தரபாண்டியன் கேட்டான். "சார், உங்க வீட்டு முன்னால யாரோ பெரியவுக நிக்காகளே, தெரிஞ்சவுகளா?"

"தெரியாது" என்றேன்.

நான் எழுந்திருக்கத்தான் நினைத்தேன். உட்கார்ந்தே இருந்தேன். கோபத்தால் இல்லை. அப்போது எழுந்து வந்து சாவியைக் காட்டினால் உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்ற பயம்.

செல்லத்தாய் போன் பண்ணியிருக்கிறாள். பாண்டிசெல்வி ஒன்றேகாலுக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். உங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். பிறகு அம்மாவிடம், "எம்புட்டு நேரமா நிக்கீக அத்தை?" என்றாள்.

"இப்பத்தான்மா."

"ரெண்டே கால் மணி நேரம்" என்றீர்கள் நீங்கள். அம்மா உங்களை முறைத்தாள்.

அதன் பிறகு நீங்கள் பாண்டிசெல்வியிடம் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நடுவே போய்விட்டது. பஸ் விலகியபோது நீங்கள் கைகூப்பி நின்றீர்கள். அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் தன்னிடமிருந்த இன்னொரு சாவியால் பூட்டைத் திறந்து, "உள்ள வாங்க மாமா" என்றாள். நீங்கள் நகரவில்லை.

"நீ முன்னால போம்மா. பொறவு நான் வாரேன்."

அவள் உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்து போனீர்கள். எங்கள் வாசல் நிலை அவ்வளவு தாழ்வானதில்லை. நான் தேவாலயத்திலும் கோயிலிலும் ஆட்கள் உள்ளே போவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒருவர் ஒரு வீட்டுக்குள் போய் நான் பார்த்ததில்லை.

நீங்கள் மூன்று மணிக்கு வெளியே வந்து பஸ்ஸுக்குப் போகும்வரை அந்த பெஞ்சிலேயே இருந்தேன். சாயந்திரம் விருதுநகரிலிருந்து வருபவனைப் போல வீட்டுக்குள் போனேன். "நீங்க தேதிய மறந்துட்டீகளே, பாவம், அவுக ரெண்டு பேரும் வெயில்ல காஞ்சுட்டாக" என்றாள் பாண்டிசெல்வி. ஆமாம், மறந்துவிட்டேன் என்றேன்.

இருபத்திரண்டு நாளாக அவள் அதை நம்பிக்கொண்டிருக்கிறாள். உங்களை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று இப்போது தெரியவில்லை. நான் செய்ததை அவளிடம் வாயால் சொல்லவும் தைரியம் வரவில்லை. அதனால் இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அவள் கையில் கொடுக்கப் போகிறேன். அவள் வாசித்து முடிக்கும்வரை வாசலுக்கு வெளியே நிற்பேன். அவள் தபாலில் போட்டால்தான் இது உங்களுக்கு வந்து சேரும்.

உங்கள் மகன்
பிரேம்குமார்

மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். முழுதும் வாசித்தேன். நாளைக்கு நானே தபாலில் சேர்த்துவிடுகிறேன். உங்கள் மகன் வாசலில்தான் நிற்கிறார். இப்போது ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது.
பாண்டிசெல்வி