வேலிக்கு வெளியே போன சோறு

ரெம்பியா
14-8-1952

அன்புள்ள கனகாம்பிகைக்கு,

சடையனை நேற்று மாலை மலாக்கா சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போலீஸ் ஸ்டேஷன் கார்ப்பரல் இன்று காலை என்னிடம் நேரில் சொன்னார்.

சடையன் நம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவன். முனியாண்டி அவர்களுடைய எல்லைச் சாமி; குடியிருப்பைச் சுற்றி முள்வேலி போட்டபின் அதற்கு வெளியே நிற்கிறார். போன ஆடி வெள்ளியன்று அவருக்குப் படைக்கச் சோறும் கோழிக்கறியும் எடுத்துப் போனான். ஒரு பிடி சோறுகூட வேலியைத் தாண்டக் கூடாது என்பது அவசரகால உத்தரவு. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்குக் கொண்டுபோனான் என்று பிடித்தார்கள்.

இந்து சமயத்தில் இப்படி வழக்கம் உண்டா என்று அதிகாரி என்னைக் கேட்டார். திருநீறு, தேவாரம், சைவச் சாப்பாடு என்று நிதானமாக விளக்கினேன். கோழி படைப்பது நம் சமயத்தில் இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

இன்று அவன் மனைவி செல்லாயி நான் கணக்கெழுதும் ஆபீஸ் வாசலுக்கு வந்தாள்.

"கிராணி ஐயா, முனியாண்டி உங்க சாமி இல்லன்னா போகட்டும்லா. எங்க சாமியும் இல்லன்னு எப்படி எழுதுனீங்க?"

ஊரில் உங்கள் வீட்டு வேலியோரம் சூலம் நட்டு, வைரவருக்கு உன் அம்மா பொங்கிப் படைத்து மடை வைப்பார். அந்தப் பொங்கலை நான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். அதிகாரியின் முன்னால் அது நினைவுக்கு வந்தது. சொல்ல வெட்கப்பட்டேன்.

மத்தியானம் ஸ்டேஷனுக்குப் போய், முனியாண்டிக்குக் கோழி படைப்பதும் நம் சமயத்து வழக்கம்தான் என்று வேறு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். அதை ஏற்பார்களா, எனக்கு வேலை இருக்குமா என்பது திங்கட்கிழமை ஒன்பது மணி விசாரணையில் தெரியும்.

உன் கணவன்