பெட்ஷீட்டின் மறுமுனை

என் அன்பு மனைவிக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதே. நேரில் பேச ஆரம்பித்தால் தேவாலயக் கூரை ஒழுகுவதைப் பற்றித்தான் பேசுவேன்.

டுலூத் நகரின் இந்தத் தெருவில் முப்பது ஆண்டுகள் போதகராக இருந்தேன். ஞாயிறுதோறும் கதவைத் திறந்து வைத்து, அக்கம்பக்கத்தார் வருவார்கள் என்று காத்திருந்தேன். எனக்குப் பின் வந்த நில்ஸ் காத்திருக்கவில்லை. வியாழக்கிழமைகளில் தெருக்கோடியில், காசு போட்டு இயந்திரத்தில் துவைக்கும் சலவைக் கூடத்துக்குப் போய், வருகிறவர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கிறான். பிரசங்கம் கிடையாது. இதற்குப் பெயர் ஊழியமா என்று உன்னிடம் கேட்டேன். நீ அடுத்த வாரமே அவனோடு போகத் தொடங்கினாய்.

நேற்று நானும் வந்தேன், ஒரு பை சட்டைகளோடு. அவற்றை இயந்திரத்தில் போடும்போது எதிர்வீட்டு யோலாண்டா பார்த்துவிட்டாள்.

“என்ன தாத்தா, இஸ்திரி போட்ட சட்டையைத் துவைக்க வந்தீங்களா, இல்ல வேவு பார்க்க வந்தீங்களா?”

“என் மனைவி இங்கே...”

“அந்தா, பாஸ்டர்கூட சேர்ந்து என் பெட்ஷீட்டை மடிக்கிறாங்க. அடேயப்பா, அவங்க சிரிப்பு தெருவுக்கே கேக்குதே!”

நீங்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, நெருங்கி, மடித்து, மறுபடி விலகினீர்கள். என் பிரசங்கம் எதற்கும் நீ அப்படிச் சிரித்ததில்லை. சட்டைகளை இயந்திரத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இன்று காலை அவை மடிக்கப்பட்டு என் நாற்காலியில் இருந்தன.

அடுத்த வியாழன் நில்ஸ் வேறு யாருடனாவது மடிக்கட்டும். மறுமுனையை எனக்குக் கொடு. எனக்கு மடிக்கத் தெரியாது. நீதான் சொல்லித்தர வேண்டும்.

உன் கணவன்